பாட்டில் அலமாரிக்குப் பாலிஷ்

மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர் குடிகாரராகவும் இருந்தால் அதில் ஒரு வசதி உண்டு. அரக்கைக் கரைக்கும் ஸ்பிரிட்டின் நெடி கையிலும் சட்டையிலும் ஏறி, வீடு வரைக்கும் கூடவே வரும். மனைவி மூக்கைச் சுளித்தால், "வேலை வாசனைடி" என்று ஒரே வாக்கியத்தில் தப்பித்துவிடலாம். நம் பாலிஷ்காரர் அந்த வாக்கியத்தை வைத்தே பல வருடம் குடும்பம் நடத்தினார்.

பிறகு கல்லீரல் வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து, மகள் முகத்தில் விழிக்க முடியாமல் குடியை விட்டார். விட்ட பின் கிடைத்த முதல் பெரிய வேலை ஒரு மாடி வீட்டில். எதற்குப் பாலிஷ்? வீட்டுக்காரர் பாட்டில் அடுக்கும் அலமாரிக்கு. கிண்டல் பண்ணுவதென்று விதி முடிவெடுத்துவிட்டால் கூச்சநாச்சம் பார்க்காது.

"பாட்டிலை எல்லாம் ஓரமா எடுத்து வச்சிட்டு ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் கிளம்பிப் போனார்.

முதல் வரிசையைப் பாலிஷ்காரர் வீரமாக இறக்கினார். இரண்டாவதில், பாதி காலியான ஒன்று கைக்கு வந்தது. ஒரு மடக்கு குறைந்தால் யாருக்குத் தெரியும்? வீட்டிலும் தெரியாது, நெடிதான் தினமும் கூடவே போகிறதே. கை தன்பாட்டுக்கு மூடியைத் திருகியது.

அந்தக் கையைப் பார்த்து அவருக்கே கிலி பிடித்தது. "அக்கா!" என்று கத்தினார். அவரைவிட மூத்த சமையல்காரம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

"என்ன தம்பி, விழுந்துட்டீங்களா?"

"இன்னும் இல்லக்கா."

"பின்ன எதுக்கு இந்தக் கூப்பாடு?"

"நான் குடிகாரன்க்கா. விட்டுட்டேன். ஆனா இதையெல்லாம் நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க."

குடிகாரன் என்ற அந்த வார்த்தையை டாக்டர் சொல்லியிருக்கிறார். மாமனார் தெருவே கேட்கும்படி சொல்லியிருக்கிறார். தன் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. காது மடல் சுட்டது.

"மூடி தொறந்திருக்கே. வாசனையும் வருதே?"

"தொறந்தது நான்தான். குடிக்கல. இது வேலை வாசனைக்கா."

உண்மைதான். ஆனால் அவர் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. அந்த வாக்கியத்தை அவ்வளவு தேய்த்து வைத்திருந்தார்.

"எங்க, ஊதுங்க."

நரைத்த மீசையோடு, ஊரான் வீட்டுக் கூடத்தில், ஒரு கரண்டிக்கு எதிரே நின்று ஊதினார்.

"ம். வெங்காயந்தான் வருது. அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க, நான் எடுக்கிறேன்."

சுவரைப் பார்த்து நின்றார். முதுகுக்குப் பின்னால், கூடைக்குள் பாட்டிலும் பாட்டிலும் உரசிக்கொண்டன. ஒவ்வொரு உரசலுக்கும் நாக்கில் எச்சில் ஊறியது.

"நல்ல மனுஷன் தம்பி நீங்க" என்றார் சமையல்காரம்மா.

ஊறியதை விழுங்கிவிட்டுத் தலையாட்டினார். திரும்பவில்லை.