கிளோடியாவின் பெயரால்

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை வரை ரயில் பாதையில் எத்தனை சிலிப்பர் கட்டைகள் கிடக்கின்றன என்று கேட்டால் ஹோரேஸுக்குத் தெரியாது. எந்தக் கட்டை ஆடுகிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தண்டவாளம் பார்க்கும் ஆட்களுக்குக் கங்காணியாக இருபத்தெட்டு வருடம் அந்தப் பாதையில் நடந்த மனிதர். சண்டைக் காலத்தில் விடிந்ததும் ரயிலுக்கு முன்னால் போவது அவர்தான். பாதையில் யாராவது எதையாவது புதைத்திருந்தால் முதலில் அவருடைய காலுக்குத்தான் தெரியவரும். அவர் திரும்பி வந்து, "ஓம், வரலாம்" என்று சொன்ன பிறகுதான் ஏறாவூருக்கு வடக்கே உள்ள சனம் பயணப் பையைத் தூக்கும். போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கி மனிதர், வேறு கோயில், வீட்டில் வேறு பேச்சு. ஆனாலும் அவருடைய வாயிலிருந்து வந்த சொல்லை அந்தப் பக்கத்தில் யாரும் இரண்டாம் முறை விசாரித்ததில்லை.

சுனாமி அன்று காலை அவர் வேலையில் இருந்தார். கடலோர டச்பாரில் இருந்த வீடும், மனைவி ஹேசலும், தம்பியும் தம்பி மனைவியும் போய்விட்டார்கள். பதினாறு வயது மகள் கிளோடியா ஒரு மரத்தில் சிக்கிக் கிடந்து பிழைத்தாள். குடித்த கடல் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில், இனிக் கொழும்புக்குக் கொண்டு போனால்தான் பிழைப்பாள் என்றார்கள். ரோட்டெல்லாம் வெள்ளம். ஹோரேஸ் மகளைப் பகல் ரயிலில் ஏற்றினார். புனானைக்கு அப்பால் காட்டுக்குள் எஞ்சின் நின்றுவிட்டது. மாற்று எஞ்சின் வர ஆறு மணித்தியாலம் ஆனது. அது வந்து இழுக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் பிள்ளையின் மூச்சு நின்றது.

ரயிலில் உயிர் போனால் அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அறியாத ஊர் மேடையில் பிள்ளையைக் கிடத்த அவருக்கு மனம் வரவில்லை. "நித்திரை, எழுப்பாதீங்க" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு, ஊருக்குத் திரும்பும் ரயில் கிடைக்கும் மாகோச் சந்தி வரை மகளைத் தோளில் சாய்த்து வைத்திருந்தார். இதை அவர் ஒரே ஒருவனிடம்தான் சொன்னார். தம்பியின் மகன் டரல். அந்தக் குடும்பத்தில் மிஞ்சியவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான்.

டரல் அப்போது கொழும்பில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். சண்டை முடிந்த வருடம், மாரிக்குச் சற்று முன்னர், ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் அதிகாரியாக ஊருக்கு வந்து இறங்கினான். இரண்டு பெட்டிகள் கொண்ட வெள்ளை ரயில் ஒன்றும் பின்னால் வந்தது. பாட்டரியில் ஓடுவது. புகை இல்லை, எண்ணெய் இல்லை, சத்தமும் இல்லை. எங்கள் பாதை மட்டமானது, அதிகம் ரயில் ஓடாதது, பரீட்சை பார்க்க வசதியானது என்று அவர்கள் தெரிவு செய்திருந்தார்கள். பரீட்சை சரி வந்தால் புதுப் பாதை போடுவார்கள். கொழும்புக்கு மூன்று மணித்தியாலம்.

மூன்று மணித்தியாலம் என்ற சொல்லைக் கேட்டதும் ஹோரேஸ் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மட்டக்களப்பில் மின்சாரம் அடிக்கடி நின்றுபோவதால் அந்தப் பாட்டரிக்கு மின்னேற்ற ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு டீசல் ஜெனரேற்றரை வைத்திருந்தார்கள். அது நாள் முழுக்க இரைந்து கரும்புகை கக்கியது. ஹோரேஸ் அதைப் பார்த்துச் சிரித்தாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை.

வேகமாக ஓட்டுவதற்கு முன் ஊராரின் சம்மதம் வேண்டும் என்று பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். டரல் படம் காட்டிப் பேசினான். சனம் அமைதியாகக் கேட்டது. எழுந்து பேசியவர் எருமைப் பட்டிக்காரர் வினாயகமூர்த்தி.

"தம்பி, பாட்டரிக்குத் தடை இருந்த சண்டைக் காலத்தில ரெண்டு டோர்ச் பாட்டரி கொண்டு போனன் எண்டு என்னச் சென்றியில ஆமி பிடிச்சி மூணு நாள் வெச்சிருந்தவங்க. இப்ப ஒரு ரயிலயே பாட்டரியில விடப் போறீங்களா? எனக்கு அந்த மூணு நாளத் திருப்பித் தாங்க பாப்பம்!"

மண்டபம் சிரித்தது. டரலும் சிரித்தான். வினாயகமூர்த்தி உட்காரவில்லை.

"பகிடி கிடக்கட்டும். மாரி துவங்கினா வயல் வட்டையெல்லாம் வெள்ளாமை, சுத்தித் தண்ணி. மாடு படுக்கிறதுக்குக் காய்ஞ்ச நிலம் ரயில் மேடு ஒண்டுதான். டீசல் ரயில் ரெண்டு மைலுக்கு அங்கால வரக்குள்ளேயே உறுமல் கேக்கும். முன்மாடு எழும்பும், மற்றதெல்லாம் எழும்பும், இறங்கும். ரயில் போனா மறுகா ஏறிப் படுக்கும். ஒருத்தரும் ஓட்டத் தேவல்ல. உங்கட ரயில் சத்தமில்லாம வந்தா என்ட மாட்டுக்கு ஆரு சொல்ற?"

"ஹோன் அடிக்கும் ஐயா. அர மைலுக்கு ஒருக்கா அடிக்கும்" என்றான் டரல்.

"நீங்க சொல்றீங்க. நாளைக்கு நீங்க கொழும்புக்குப் போயிருவீங்க."

டரல் பெரியப்பாவின் பக்கம் குனிந்தான். "அங்கிள், நீங்க பேசுங்க. கிளோடியாட கதையைச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் இவங்க நம்புவாங்க."

ஹோரேஸ் எழுந்தார். புனானைக் காட்டைச் சொன்னார், ஆறு மணித்தியாலத்தைச் சொன்னார், மாகோ வரை தோளில் வைத்திருந்ததைச் சொன்னார். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இறுதியில் அவர் வினாயகமூர்த்தியைப் பார்த்துச் சொன்னார்: "ஹோன் அடிக்கும், மூர்த்தி. என்ட மகள்ர பேரால சொல்றன்."

வினாயகமூர்த்தி தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் முடிந்ததும் டரல் ஒரு தாளை நீட்டினான். வந்தவர்களின் விபரம் என்றான். ஹோரேஸ் கையெழுத்து வைத்தார்.

முதல் ஓட்டங்கள் மெதுவாக நடந்தன. சொன்னபடி ஹோன் அடித்தது. பிள்ளைகள் ரயில் கடவையில் நின்று கைகாட்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டால் ஹோன் சத்தத்தை வாயால் அடித்துக்கொண்டு ஓடினார்கள்.

மார்கழியில் மழை பிடித்துக்கொண்டது. முழு வேகத்தில் விடும் நாள் அன்று ஹோரேஸ் வட்டைக்குப் போகும் கடவையில் காலையிலிருந்தே நின்றார். பாதை ஓரத்தில் முக்காலிகளில் சிறிய மைக்குகள் வைத்திருந்தார்கள். சத்தம் அளக்கிறதாம். வடக்கே வளைவுக்கு அப்பால் வினாயகமூர்த்தியின் பட்டி மேட்டில் படுத்திருந்தது அவருக்குத் தெரியும். ஹோன் கேட்டால் எழும்பும். தெற்கே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

காற்று ஒன்று முகத்தில் அடித்தது. வெள்ளையாக ஏதோ கடந்து போனது. அது ரயில் என்று விளங்கியபோது அது வளைவில் இருந்தது. ஹோன் அடிக்கவில்லை.

அடுத்து வந்தது, நெல் மூடைகளை லொறியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே போட்டால் வரும் சத்தம்.

அவர் ஓடிப் போய்ப் பார்த்தபோது பதினாலு எருமைகள். சில தண்ணீருக்குள், சில தண்டவாளத்துக்குக் குறுக்கே. பிறந்து பத்து நாளான கன்று ஒன்று, காயமில்லாமல், செத்துக் கிடந்த தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. ரயில் ஒரு மைலுக்கு அப்பால் நின்றிருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

டரல் நடந்து வந்தான். சப்பாத்தில் சேறு பட்டுவிடாமல் கட்டைக்குக் கட்டை கால் வைத்து வந்தான்.

"ஏன் ஹோன் அடிக்கல்ல?"

"இண்டைக்குச் சத்தம் அளக்கிற நாள் அங்கிள். ஹோன் அடிச்சா அளவு பிழைச்சிரும். எவ்வளவு சத்தம் குறைவு எண்டு காட்டினாத்தான் வெளிநாட்டு முதலாளிமார் காசு போடுவாங்க."

"இது எப்ப முடிவு செஞ்ச?"

டரல் குனிந்து சப்பாத்தைப் பார்த்தான்.

"கூட்டத்துக்கு முதலா, பிறகா?"

"முதல்."

"எனக்கு ஏன்டா சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா நீங்க பேசியிருக்க மாட்டீங்க."

ஹோரேஸ் மழைக்குள் நின்றார். சுனாமிக்குப் பிறகு இந்தப் பையன் விடுமுறைக்கு வந்த ஒவ்வொரு முறையும் தன் கையால் சமைத்துப் போட்டது, மாகோவின் கதையைச் சொன்ன அன்று இவனும் தன்னோடு அழுதது, எல்லாம் நினைவுக்கு வந்தன. அழுதது பொய்யாக இருக்காது. அழுதுகொண்டே அதை எங்கேயோ எடுத்து வைத்திருக்கிறான்.

மூன்றாம் நாள் கம்பனியின் அறிக்கை பிரதேச செயலகத்துக்கு வந்தது. கால்நடைகளைப் பாதையிலிருந்து அகற்றுமாறு ஊருக்கு அறிவிக்கும் பொறுப்பை முன்னாள் கங்காணி ஹோரேஸ் ஏற்றிருந்தார் என்று அதில் இருந்தது. கீழே, கூட்டத்தன்று வைத்த அவருடைய கையெழுத்து.

அவர் வினாயகமூர்த்தியின் வீட்டு வளவுக்குப் போனார். வினாயகமூர்த்தி தாயில்லாத கன்றுக்குப் போத்தலில் பால் பருக்கிக்கொண்டிருந்தார். இருக்கச் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியா, மூர்த்தி. என்னையும் ஏமாத்திப் போட்டான்."

"அது உண்மையா இரிக்கும் அண்ணன். உங்களுக்குத் தெரிஞ்சிரிக்காது." கன்றின் வாயைத் துடைத்தார். "ஆனா அந்தப் பொடியன் சொன்னதுக்காக நான் பட்டிய மேட்டில விடல்ல. ரயில நம்பியும் விடல்ல. செத்த புள்ளைட பேரச் சொன்னீங்க. அதுக்குப் பொறகு நான் எப்பிடிச் சந்தேகப்படுற?"

ஹோரேஸ் வந்த வழியே திரும்பி நடந்தார்.

பத்து நாளில், மாடுகள் மோதியதில் பிழையாகிப்போன அளவை மறுபடி எடுப்பதற்கு இன்னொரு ஓட்டம் என்று அறிவித்தார்கள். அன்று ஹோரேஸ் வேலைக் காலத்துச் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு போனார். கடவைக்குத் தெற்கே நேர்ப்பாதையில், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு சாரதியால் நிறுத்த முடியும் என்று கணக்குப் பார்த்து, தண்டவாளங்களுக்கு நடுவில் நின்று கொடியை விரித்துப் பிடித்தார்.

சிவப்புக் கொடியைக் கண்டால் எந்த ரயில்காரனும் நிறுத்துவான். ஓட்டிக்கொண்டு வந்தவர் முகைதீன்பாவா, டீசல் ரயிலில் பல வருடம் இருந்தவர். அந்த வெள்ளைப் பெட்டி அவருக்கு முப்பது அடி முன்னால் வந்து நின்றது. முகைதீன்பாவா தலையை வெளியே நீட்டினார்.

"ஹோரேஸ் அண்ணே! பைத்தியமா உங்களுக்கு? பாதையில என்ன?"

"வளைவுக்கு அங்கால மாடு கிடக்கு. ஹோன அடி."

"அடிக்க வேணாமெண்டு சொல்லியிரிக்காங்க."

"அடிக்காம இந்த இடத்தத் தாண்ட ஏலா. அடி."

முகைதீன்பாவா உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு கையை வைத்தார். ஹோன் நீளமாக எழுந்து வட்டைத் தண்ணீரின் மேல் போனது. வளைவுக்கு அப்பால், வேறு காய்ந்த நிலமில்லாமல் அங்கேயே படுத்திருந்த மிச்ச எருமைகள் ஒவ்வொன்றாக எழுந்து, சோம்பலாக மேட்டிலிருந்து இறங்கின. பாதையோரத்து மைக்குகள் அந்தச் சத்தத்தை முழுதாக எடுத்துக்கொண்டன.

டரல் குதித்து இறங்கி வந்தான்.

"எல்லாம் முடிஞ்சிது. ரெண்டாந்தரமும் அளவு பிழைச்சிட்டு, நாளைக்குக் கம்பனிக்காரங்க பெட்டியக் கட்டிருவாங்க. அங்கிள், நீங்க என்னைக் காட்டிக் குடுத்திட்டீங்க."

சண்டை நடந்த நிலத்தில் அந்தச் சொல்லை யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. ஹோரேஸ் அவனைப் பார்த்தார். பிறகு கொடியைச் சுருட்டிக்கொண்டு தண்டவாளத்திலிருந்து இறங்கினார். அதன்பின் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. டரல் வெளிநாட்டுக்குப் போனதைக் மாதா கோயிலில் யாரோ சொல்லித்தான் அவர் அறிந்தார்.

வெள்ளை ரயிலைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்புக்குப் பழையபடி ஒன்பது மணித்தியாலம். சந்தையில் ஒரு பெண், சிறுநீரக வருத்தக்காரனான கணவனைக் கைபிடித்து நின்றவள், அவருடைய முகத்துக்கு நேரே கேட்டாள்: "மாட்டுக்காகவா எங்கட ரயில நிப்பாட்டினீங்க?" அவளோடு அவர் வாதாடவில்லை. அவள் கேட்டதும் நியாயம்தான். மூன்று மணித்தியாலம் என்றதும் அவரும் கதிரையைப் பிடித்தவர்தானே. வினாயகமூர்த்தி பார்த்தால் தலையசைப்பார், நின்று பேசமாட்டார்.

அடுத்த கார்த்திகையில், மரித்தோர் நினைவு நாளுக்கு, பூசையில் வாசிப்பதற்கு ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் இறந்தவர்களின் பெயர்களைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஹோரேஸ் ஹேசலின் பெயரை எழுதினார். தம்பியின் பெயரையும் அவன் மனைவியின் பெயரையும் எழுதினார்.

ஃபாதர் தாளைப் பார்த்துவிட்டு, "மகள விட்டிட்டீங்களே, ஹோரேஸ்?" என்று கேட்டார்.

"அவள்ர பேர ஒருக்கா நான் கூட்டத்தில சத்தியத்துக்குச் சொல்லிட்டன், ஃபாதர்" என்றார் அவர். "இனி வேணாம்."

அதற்குப் பிறகு எட்டு வருடம் உயிரோடு இருந்தார். அந்த எட்டு வருடமும் தாளில் மூன்று பெயர்கள்தான் இருந்தன.