ராஜம்மாவுக்கு ஒரு மூலை

மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, பலகையின் மேல் குனிந்து பெரியதம்பி வாயால் ஊதுகிறார். பிறகு கண்களை மூடிக்கொண்டு, புறங்கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவுகிறார். பத்து பெரண்டாம் என்ற ஊரில் மரவேலை இயந்திரங்கள் விற்கும் ஜமாலுதீன், தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவனைப் போல் கைகட்டி நிற்கிறார். கடைசியில் பெரியதம்பி கண்ணைத் திறந்து, துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்கிறார்: "ஹாலுஸ்தான் பாய். ஆனா சரிப்படாது லா."

ஹாலுஸ் என்றால் மலாயில் வழவழப்பு. மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் பெரிய மெஷின் வாங்க வந்தவர், அது வழவழப்பாகத்தான் தேய்க்கிறது என்று நற்சான்று கொடுத்துவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மெர்லிமாவுக்குத் திரும்பிவிடுவார். மலாக்காவில் அவர் இப்படித் தடவிப் பார்க்காத மெஷின் இல்லை. ஒன்று காதைப் பிளக்கிறது. இன்னொன்றின் உருளை பலகையில் அலை அலையாக விட்டுப்போகிறது. மூன்றாவது நல்ல மெஷின்தான், ஆனால் பச்சை நிறம். பச்சை தன் கடைக்கு ஆகாது என்றார். ஜமாலுதீன் விடாக்கண்டர், இரவோடிரவாக நீலம் அடித்து வைத்தார். மறுவாரம் வந்து பார்த்தவர், பச்சையே பரவாயில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர். கல்யாண வீட்டுக்குப் பட்டுச் சட்டையில் வந்தாலும் புருவத்தில் மரத்தூள் இருக்கும். கைப்பேசியைத் தூசி படாமல் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். முடிச்சை அவிழ்ப்பதற்குள் அழைத்தவர் களைத்துவிடுவார். மற்றவர்கள் பேனா குத்தும் சட்டைப் பையில் இவருக்கு நான்காக மடித்த சேண்ட்பேப்பர். அது எதற்கு என்று நான் வெகுநாள் யோசிக்கவில்லை. தச்சர் பையில் அது இல்லாமல் தைலப் புட்டியா இருக்கும்?

தொழில், சாமி மேடை செய்வது. தாமான் குடியிருப்புகளில் புதுவீடு வாங்குகிற நம்மவர்கள் காருக்குக் கூரை, ஜன்னலுக்குக் கம்பி, தொலைக்காட்சிக்குச் சுவர் எல்லாம் முடித்த பிறகுதான் சாமிக்கு இடம் தேடுவார்கள். பிறகு எல்லாருக்கும் ஒரே அவசரம். என் வீட்டு முருகன் போன தீபாவளியிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் உச்சியில் குடியிருக்கிறார். அங்கிருந்து அவரை இறக்கத்தான் பெரியதம்பியிடம் மேடைக்குச் சொன்னேன். வெட்டி, இணைத்து, மாதக்கணக்கில் தயாராகத்தான் இருந்தது. தேய்த்துத்தான் முடியவில்லை.

கொட்டகை நிறைய இப்படித் தேய்க்காத மேடைகள். பொறுத்துப் பார்த்த சிலர், ஒட்டுப்பலகையில் செய்து விற்கும் கடைக்குப் போய்விட்டார்கள். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகள் புனிதா வாராவாரம் வந்து கத்திவிட்டுப் போகிறாள். "மெஷின் வாங்குங்க, இல்ல கடைய மூடிட்டு அம்மாவ கூட்டிக்கிட்டு என் ஃபிளாட்டுக்கு வந்துடுங்கப்பா. விரலப் பாருங்க, பிளாஸ்டர் ஒட்டாத விரல் ஒண்ணாச்சும் இருக்கா?" அவர் விரல்களைப் பார்ப்பார். இருக்காது.

தேய்ப்பது முன்பு அவர் வேலையே இல்லை. அது அவர் மனைவி ராஜம்மாவின் இலாகா. செலண்டார் தோட்டத்தில் பிறந்து, பாவாடை வயதிலேயே பால் மரம் சீவப் போனவர். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். ராஜம்மாவும் பெரியதம்பியைக் கட்டிக்கொண்டு மெர்லிமாவுக்கு வந்தார். வெட்டிய ரப்பர் மரம் பலகையாகி, அவர் மடியைத் தேடிக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தது. சாமி நிற்கிற பலகையை மட்டும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் தேய்ப்பார். "சாமி காலுல சிலாம்பு குத்திச்சுன்னா யாரு புடுங்குவா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி.

பிறகு பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பல நாள் கழித்து, கோணிய வாயில் அவர் பேசிய முதல் பேச்சு, "அந்தப் பலகைய யாரு தேய்ச்சா?"

வீட்டுக்கு வந்ததும் கொட்டகையைப் பார்த்தபடி பின்வாசலில் ஒரு நாற்காலி போடப்பட்டது. அன்றிலிருந்து அது அதிகாரி நாற்காலி. பெரியதம்பி கையால் தேய்த்து முடித்த ஒவ்வொரு பலகையும் அதன் கைப்பிடிகள் மேல் குறுக்காக வைக்கப்படும். ராஜம்மா இடக்கையால் தடவிக்கொண்டே போவார். எங்கோ ஓரிடத்தில் கை நிற்கும். "இங்க" என்பார். "அட, ஆமா" என்று பெரியதம்பி சட்டைப் பையிலிருந்து சேண்ட்பேப்பரை எடுத்து, அவர் கண்ணெதிரே அந்த இடத்தைத் தேய்ப்பார். கை மறுபடி வரும். "ம்" என்பார். அந்த "ம்" வராமல் எந்தப் பலகைக்கும் வார்னிஷ் கிடையாது. ஒரு பலகையாவது முதல் தடவலிலேயே தேறி நான் பார்த்ததில்லை. பெரியதம்பிக்கு வயதாகிவிட்டது, தேய்ப்பில் கவனம் போய்விட்டது என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன். என் முருகனின் எதிர்காலம் அல்லவா.

போன சனிக்கிழமை என்னையும் மோட்டார் பின்னால் ஏற்றிக்கொண்டு ஜமாலுதீன் கடைக்குப் போனார். புது மெஷின் வந்து இறங்கியிருந்தது. ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவு பெரிது. இந்தப் பக்கம் பலகையைக் கொடுத்தால் அந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி வருகிறது. தூசியைக் குழாய் ஒன்று உறிஞ்சிக்கொள்கிறது. "அண்ணே, இதுல ஒரு குறை சொல்லுங்க, நானே உங்க கொட்டகைக்கு வந்து கையால தேய்ச்சுத் தரேன் லா" என்றார் ஜமாலுதீன்.

பெரியதம்பி ஊதினார். புறங்கையால் தடவினார். உள்ளங்கையால் தடவினார். பலகையைத் திருப்பிப் போட்டுத் தடவினார். கரண்ட் தாங்காது என்று சொல்லிப் பார்த்தார். வயர் மாற்ற ஆள் அனுப்புவதாக ஜமாலுதீன் சொன்னார். கொட்டகை வாசலில் நுழையாது என்று சொல்லிப் பார்த்தார். மெஷினை அளந்ததில் தாராளமாக நுழையும் என்று தெரிந்தது. நிறம் சாம்பல். அதிலும் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில், கடன் கேட்கிறவர் மாதிரித் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சின்னதா ஒரு சொரசொரப்பு, எங்கயாச்சும் ஒரு ஓரத்துல விடுமா பாய்?"

வேடிக்கை என்று நினைத்து ஜமாலுதீன் உரக்கச் சிரித்தார். "விடவே விடாது அண்ணே. அதுக்குத்தானே மெஷின்."

வீட்டில் காட்ட வேண்டும் என்று அந்தப் பலகையைக் கேட்டு வாங்கிக்கொண்டார் பெரியதம்பி.

வரும் வழியெல்லாம் பலகை என் மடியில். ஜாசின் தாண்டிச் செம்பனை நிழலில் மோட்டாரை ஓரங்கட்டினார். வயதானவர், ஒதுங்கப் போகிறார் என்று நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் ஒதுங்கவில்லை. என்னிடமிருந்து பலகையை வாங்கி மோட்டார் சீட்டில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து சேண்ட்பேப்பரை எடுத்துப் பிரித்தார். அது முரட்டுத் தாள், துருவைச் சுரண்டுகிற ரகம். பலகையின் ஒரு மூலையில், மரத்தின் ரேகைக்குக் குறுக்கே, காசு அகலத்துக்குத் தேய்த்தார். ஊதினார். விரலால் தொட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தேய்த்தார்.

கையால் தேய்க்கிற பலகைகளிலும் இப்படித்தானா என்று கேட்டேன். தலையாட்டினார்.

"நான் தேய்க்கிறதுல ஒண்ண விட்டு வச்சிடலாம். இந்த மெஷின் ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டேங்குது. அப்புறம் அவ கைக்கு என்ன வேல?"

மெர்லிமாவ் வரை அந்த மூலையில் என் கை படாமல் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ராஜம்மா நாற்காலியில் இருந்தார். புது மெஷின் தேய்த்தது என்று சொல்லிப் பெரியதம்பி பலகையைக் கைப்பிடிகள் மேல் வைத்தார். இடக்கை கிளம்பியது. அவசரமில்லாமல் நடுவைக் கடந்தது, ஓரத்துக்கு வந்தது, அந்த மூலையில் நின்றது. கொஞ்சம் நகர்ந்தது. திரும்பி வந்து மறுபடியும் அங்கேயே நின்றது. பெரியதம்பியின் விரல்கள் சட்டைப் பைக்குப் போய்விட்டன.

ராஜம்மா பலகையைப் பார்க்கவில்லை. கொட்டகையில் அடுக்கியிருந்த மேடைகளைப் பார்த்தார். சட்டைப் பையில் நுழைந்திருந்த விரல்களை, அவற்றின் பிளாஸ்டரைப் பார்த்தார். பிறகு கையைப் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்குங்க" என்றார். ஒவ்வொரு சொல்லையும் இழுத்துத்தான் அவரால் பேச முடியும். "ஒண்ணுமே இல்ல. வாங்கிடுங்க."

பெரியதம்பி சட்டைப் பையிலிருந்து விரல்களை எடுத்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். மடியில் கிடந்த அந்த இடக்கையை இரண்டு கைகளாலும் தூக்கி, பலகையின் மேல், அதே மூலையில் கொண்டுபோய் வைத்தார்.