ஜன்னலுக்குக் கீழே கரியடுப்பு

அது இரண்டாம் உலக யுத்த காலம். கணவர் இறந்த மறுவருஷம் மருத்துவச்சி வேலை கிடைத்துத் திருத்தணிக்கு வந்தேன். பஸ் கொட்டகையை ஒட்டிய ஓர் அறையில் தனியாகக் குடியிருந்தேன். பிரசவத்துக்குக் கூப்பிடுகிறவர்களைத் தவிர என்னோடு பேச யாருமில்லை.

தினமும் காலையில் தலை பிளந்துவிடுவதுபோல வலிக்கும், குமட்டும். "எல்லாம் துக்கம்தாம்மா" என்றார் டாக்டர். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒருசமயம் கரி கிடைக்காமல் சில நாள் பஸ் ஓடவில்லை. அந்த நாட்களில் எனக்குத் தலைவலியே வரவில்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டால் அந்த பஸ் கரியை எரித்து வரும் வாயுவில்தான் ஓடியது. பஸ்ஸின் பின்புறம் பொருத்தியிருந்த அந்தக் கரியடுப்பை விடியற்காலையில் மூட்டுமிடம் என் ஜன்னலுக்கு நேர் கீழே.

டிரைவரிடம் போய்ச் சொன்னேன்.

"பொகையே இல்லியேம்மா! நீங்களா எதுனா நெனச்சிகினு இருக்கறீங்க" என்று சிரித்தார்.

"புகை தெரியலேன்னாலும் வாயு உள்ள வருது. அடுப்பு எரியும்போது என் ரூம்ல வந்து உக்காந்து பாருங்க."

மறுநாள் கண்டக்டரை அடுப்பு மூட்டச் சொல்லிவிட்டு அவர் உள்ளே உட்கார்ந்தார். நான் வெளியே நின்றேன். சற்று நேரத்தில் சுவரைப் பிடித்தபடி வந்து, வாசலிலேயே வாந்தி எடுத்தார்.

"இதுலயாம்மா இத்தினி நாளா தூங்கிகினு இருந்தீங்க? ஒருத்தர்கூட என்னா ஏதுன்னு கேக்கலியா?"

அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அன்றே அவர் பஸ்ஸைச் சாலையோரத்துக்கு மாற்றிவிட்டார்.

தலைவலி நின்றது. துக்கம் நிற்கவில்லை. ஆனால் அது நான் பயந்த அளவுக்குப் பெரிதாக இல்லை. அதோடு என்னால் வாழ முடிந்தது.