பந்தயம் கட்டாதவன் பிடித்த கொடி

மாட்டு வண்டில் சவாரி பார்க்கப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மாட்டின் நிறமே தெரியாது. இதை நான் சும்மா சொல்லவில்லை. ஒரு தடவை ஓட்டம் முடிந்த கையோடு, பக்கத்தில் நின்று துள்ளிக்கொண்டிருந்த ஒருவரிடம், "வெண்ட சோடி என்ன நிறம் அண்ணை?" என்று கேட்டேன். விசரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "இடப்பக்கம் வந்த சோடி," என்றார். அவருக்கு மாடு என்றால் இடப்பக்கம், அல்லது வலப்பக்கம். அவ்வளவுதான்.

நான் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் திருத்துகிறவன். கிழமை முழுக்க எண்ணெயும் புகையும்தான். சவாரி நடக்கிற ஞாயிற்றுக்கிழமை என்றால் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிடுவேன். ஸ்கந்தபுரம் என்றாலும் சரி, புளியங்குளம் பக்கம் என்றாலும் சரி. ஆனால் ஒரு சதம் பந்தயம் கட்டியதில்லை. கட்டாததை நாலு பேருக்குச் சொல்லாமலும் விட்டதில்லை.

"பந்தயமும் கட்டாமல் வெயிலுக்க நிண்டு என்னத்தைப் பாக்கிறியள்?" என்று மனைவி கேட்பாள்.

"மாட்டைப் பாக்கிறன்."

"மாடு எங்கட வளவுக்கையும் நிக்குதுதானே. அதைப் பாத்தால் குறைஞ்சது வைக்கலாவது போடுவியள்."

அவளுக்கு விளங்கப்படுத்த முடியாது. இரண்டு வண்டில், வண்டிலுக்கு இரண்டு மாடு, ஓட்ட ஒரு ஆள். பக்கம் பக்கமாக விட்டால் சுண்ணாம்புக் கோட்டை எது முதலில் கடக்கிறதோ அது வென்றது. முழுவதும் ஒரு நிமிடம்கூட வராது. அதற்குள், ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுகிற சோடி மாடுகளின் முன்னங்கால்கள் திடீரென்று ஒன்றாக விழத் தொடங்கும். அப்போது வண்டிலின் சத்தமே மாறிவிடும். இடறி இடறி ஓடிய என்ஜின் ஒன்று கையிலேயே சீராகிற மாதிரி. அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் போவேன்.

பந்தயக்காரருக்கு அது கேட்காது. ஒருவர் ஓட்டம் முடியும்வரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார். இன்னொருவர் மாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிராளியின் முகத்தைப் பார்ப்பார். கனடாவிலிருக்கும் மச்சானுக்காகப் பந்தயம் கட்டுகிற ஒருவர் இருக்கிறார். கைபேசியை மாட்டுப் பக்கம் பிடித்தாலும் பரவாயில்லை, தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு "விட்டாச்சு, விட்டாச்சு" என்று கத்துவார். கடைசியில் இவர்கள் எல்லோரும் பார்ப்பது ஒன்றைத்தான்: கோட்டடியில் நிற்கிறவர் தூக்கும் கொடி. இடப்பக்கச் சோடிக்குச் சிவப்பு, வலப்பக்கச் சோடிக்கு வெள்ளை. துண்டுத் துணியைப் பார்க்க இவ்வளவு தூரம் வருவானேன், வீட்டில் உடுப்புக் காயப்போடுகிற கொடியிலேயே பார்க்கலாமே என்று சொல்லிச் சிரிப்பேன். சிரிக்கிறவன் நான் ஒருவன்தான்.

நடத்துகிறவர்கள் மட்டும் என்ன திறமா? காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் என்று நோட்டீஸ் அடிப்பார்கள். பதினொன்றரைக்கு ஒரு பிரமுகர் வந்து இறங்குவார். மாலை, பொன்னாடை, விளக்கேற்றல், பிறகு தமிழர் வீரத்தைப் பற்றி ஒரு கண்டறியாத பேச்சு. அவ்வளவு நேரமும் வண்டிலில் பூட்டிய மாடுகள் வெயிலில் நின்று நுரை தள்ளும். பேசி முடித்தவர் முதல் ஓட்டத்தைக்கூடப் பார்க்காமல் வாகனத்தில் ஏறிப் போய்விடுவார்.

இவ்வளவு நக்கலடிக்கிற எனக்கும் ஒரு மாடு இருந்தது. என்னுடையதல்ல. புளியங்குளம் பக்கத்து அரிசி ஆலைக்காரர் ஒருவருடைய வெள்ளை நாம்பன். ஓடும்போது கழுத்தைத் தாழ்த்தி, முன் வலது காலை மற்ற மாடுகளைவிட ஒரு சாண் கூட வீசி வைக்கும். மூன்று வருடமாக அது ஓடிய ஓட்டம் ஒன்றையும் நான் விட்டதில்லை. அது தோற்ற அன்று வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடாமல் படுத்திருக்கிறேன். மனைவிக்கு வயிற்றுக் குத்து என்று பொய் சொன்னேன். ஆனால் காசு கட்டவில்லையே! ஆகவே நான் சுத்தமான ஆள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அறுவடை முடிந்த பிறகு ஸ்கந்தபுரம் பக்கத்தில் நடந்த சவாரிக்கு ஜெயபுரத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். தாய் தகப்பன் தேயிலை மலையிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். நெல்லு மூட்டை ஏற்றுகிற வண்டிலையே கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். மாடுகள் இரண்டும் சிவலை. தானே வளர்த்து, தானே பழக்கி, தானே ஓட்டப்போகிறார். சனத்துக்குள் ஒருவர், "தோட்டத்து ஆக்களுக்குச் சவாரி தெரியுமோ?" என்றார். சொன்னவருக்கு வண்டிலில் ஏறவும் தெரியாது, இறங்கவும் தெரியாது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே அந்த மனிதர் பக்கத்தில் போய் நின்று கதை கொடுத்தேன்.

"மூணு வருசமா வர்றேங்க," என்றார். "இந்த ஒரு ஓட்டம் ஜெயிச்சிட்டா கடைசி ஓட்டத்துக்குப் போயிரலாம். அதுக்குப் போறவங்க எல்லார் பேரையும் மைக்குல சொல்லுவாங்கல்ல? ஒரு தடவை சொல்லிட்டாப் போதுங்க. தோத்துட்டா இந்தச் சோடியை வித்துட வேண்டியதுதான். வீட்டுல சொல்லிட்டாங்க."

உண்மைதான். ஒலிபெருக்கியில் மற்றவர்களுக்கெல்லாம் 'சவாரிச் சிங்கம்', 'சவாரி வேந்தன்' என்று பட்டம் வைத்து முழுப்பெயர் சொன்னார்கள். இவரை 'ஜெயபுரத்துச் சோடி' என்றே கூப்பிட்டார்கள், ஆளே இல்லாமல் மாடு தனியே நடந்து வந்த மாதிரி. பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் என்னைத் தேடி வந்தார். வழமையாகக் கொடி பிடிக்கிறவர் தானே பந்தயம் கட்டியிருந்தது பிடிபட்டு, சண்டை வந்துவிட்டதாம்.

"அண்ணை, இந்தத் திடலிலேயே பந்தயம் கட்டாத ஒரே ஆள் நீங்கள்தான். ஏறி நில்லுங்கோ."

வேண்டாம், எனக்கேன் என்று இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் அவர் கேட்காமல் விட்டுவிடுவாரோ என்று பயந்து ஏறிவிட்டேன். கோட்டு முனையில் ஏறி நிற்க ஒரு கதிரை. கையில் இரண்டு கொடி. இத்தனை சனத்துக்கும் மேலே நிற்கிறபோது, இவ்வளவு நாளும் நான் சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட மாதிரிப் புழுகமும் பெருமையுமாக இருந்தது.

மூன்றாவது ஓட்டம், இடப்பக்கம் ஜெயபுரத்துச் சிவலைகள். வலப்பக்கம் வெள்ளை நாம்பன் பூட்டிய சோடி.

பாதித் தூரம்வரை வெள்ளை முன்னுக்கு வந்தது. பிறகு சிவலைகளின் வண்டில் சத்தம் மாறியது. நான் தேடிப் போகிற அதே சத்தம். நெல்லு மூட்டை ஏற்றுகிற வண்டிலிலிருந்து வந்தது. இரண்டு சோடியும் மூக்குக்கு மூக்கு நேராக, தூசியைக் கிளப்பிக்கொண்டு என்னை நோக்கி வந்தன. வெள்ளையின் கழுத்து தாழ்ந்தது, வலது கால் வீசி வந்தது. பிறகு ஒரே தூசி. தூசி அடங்கிப் பார்த்தபோது வெள்ளைக் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உடனே குழப்பம். இடப்பக்கத்துக்குக் கட்டியவர்கள் ஓடி வந்தார்கள். இருபது கைபேசியில் எடுத்திருந்தார்கள், ஒவ்வொரு கைபேசியிலும் ஒவ்வொரு சோடி வென்றிருந்தது. பாதிக்கு மேல் அவரவர் காதும் தோளும்தான் தெரிந்தன. செயலாளர் மைக்கைப் பிடுங்கி, "கொடி பிடிச்சவர் பந்தயம் கட்டாதவர்! அவர் சொன்னதுதான் முடிவு!" என்று அறிவித்தார். அதோடு எல்லாம் அடங்கியது. என் நேர்மைக்கு இருந்த மதிப்பைக் கண்டு எனக்கே கண் கலங்கியது.

ஜெயபுரத்துக்காரர் வண்டிலை விட்டு இறங்கி என்னிடம் வந்தார். முகம் முழுக்கத் தூசி. என் கையிலிருந்த கொடியைப் பார்த்தார்.

"நீங்க பந்தயம் கட்டாத ஆளுங்க," என்றார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைச் சொன்னேன். அன்று இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்துக் கனடாவிலிருந்து அண்ணரின் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். 'சித்தப்பா ரீவியில வாற மாதிரி நிக்கிறார்' என்று எழுதி, ஒரு சிரிக்கிற முகமும் போட்டிருந்தாள். யாரோ உழவு இயந்திரத்தில் ஏறி நின்று பக்கவாட்டிலிருந்து எடுத்தது. கோட்டைக் கடக்கிற இடத்தில் தூசிதான். யார் வென்றது என்று அதில் தெரியவில்லை. ஆனால் அதற்கு முன்னால் தூசி மறைக்கவில்லை. கதிரையில் நான் நிற்கிறேன். மாடுகள் கோட்டுக்கு வர இன்னும் இரண்டு வண்டில் நீளம் இருக்கிறது. மூக்குக்கு மூக்கு நேராக வருகின்றன. என் கையில் வெள்ளைக் கொடி ஏற்கெனவே மேலே போய்விட்டது.

பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன். பத்துத் தடவையும் கொடி முன்னுக்குத்தான் போனது. அவ்வளவு சனத்தில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. பந்தயக்காரர் கொடியை மட்டும் பார்த்தார்கள், அப்போது மாடு எங்கே வந்தது என்று பார்க்கவில்லை. இதைத்தானே நான் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்தேன்! அதுதான் என்னைக் காப்பாற்றியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று சொன்னால் போதாது.

அடுத்த ஞாயிறு ஜெயபுரத்துக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வளவுக்குள் வண்டில் நுகத்தைத் தரையில் ஊன்றி நின்றது. மாடு கட்டுகிற கட்டையில் சிவலைகள் இல்லை. அவர் வேலியடியில் முள்ளுக்கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி கொடுத்தார். நான் கைபேசியை எடுத்து வீடியோவைப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் சிவலைகளைத்தான் பார்த்தார். "பாருங்க, எப்படிக் காலை ஒண்ணா வைக்குதுங்க," என்று சிரித்தார். திரும்பவும் போடச் சொன்னார். மூன்றாம் தடவை போட்டபோது, நான் விரலால் கொடியைத் தொட்டுக் காட்டினேன்.

"இதைப் பாருங்கோ. நான் முன்னுக்கே தூக்கிப்போட்டன்."

"அன்னிக்கே பாத்தேங்க," என்றார். "எல்லாரும் பக்கவாட்டுல நின்னாங்க. நான் உங்களுக்கு நேரால்ல வந்தேன்?"

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

அவர் கைபேசியைத் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"யாருகிட்டங்க சொல்ல? நீங்கதான் பந்தயம் கட்டாத ஆளாச்சே."