வேல்குமார் போடாத நீலம்

“ட்யூப் லைட்டுக்கு அடியில காட்டாதீங்க கண்ணு. இப்படி வாசலுக்கு வாங்க” என்று அந்தப் பெண்ணிடமிருந்து மோதிரத்தை வாங்கிக்கொண்டு வேல்குமார் வெளியே நடந்தார். அவள் பையிங் ஆபீஸிலிருந்து சரக்கைச் சோதிக்க வந்தவள். தைத்து அடுக்கிய டி-சர்ட்டுகள் மேஜையில் காத்திருக்க, சோதனை அவள் மோதிரத்துக்கு நடந்தது. வெட்டில் மிச்சம் விழுந்த வெள்ளைப் பனியன் துண்டு ஒன்றைத் தரையிலிருந்து எடுத்து உதறி, அதன் மேல் மோதிரத்தைக் கவிழ்த்து வைத்துக் குனிந்து பார்த்தார்.

“பாத்தீங்களா, நீலம் பூரா ஒரு மூலையிலதான் கெடக்குது. மத்த எடமெல்லாம் வெறும் வெள்ளை. மேல இருந்து பாத்தா கல்லு மொத்தமும் நீலமாத் தெரியறாப்ல அறுத்திருக்கறாங்க. தப்புன்னு சொல்லலீங்க. ஆனா வாங்கறப்ப ஒருக்காக் கவுத்துப் பாக்கோணும்.”

“நீங்க எந்த விரல்ல போட்டிருக்கீங்க சார்?” என்று அவள் கேட்டுவிட்டாள். வேல்குமாரின் கை சட்டென்று வேட்டி மடிப்புக்குப் பின்னால் போனது. “எனக்கு ஆகாதுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஓவர்லாக் மெஷின்காரனை எதற்கோ திட்ட ஆரம்பித்தார்.

வேலம்பாளையத்தில் அவருடைய தையல் யூனிட்டுக்கும் என்னுடைய லேபிள் கடைக்கும் ஒரே சுவர். மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விரலைப் பார்க்கிறவர் அவர். கல்யாண வீட்டில் வரவேற்பில் நிற்கிறவர்கள் கை கூப்பினால், கும்பிட்ட கையில் கல் இருக்கிறதா என்று தேடுவார். நீலக்கல்லைப் பற்றிக் கேட்டால் போதும், டீ ஆறிப்போகும்.

“சுட்ட கல்லுன்னா பயப்படாதீங்க. சூடு காட்டி நெறம் ஏத்தறது ஊரறிஞ்ச சங்கதி. நாம துணிக்குச் சாயம் ஏத்தறதில்லையா? அதச் சொல்லி விக்கோணும், அவ்வளவுதான். விரிசலுக்குள்ள கண்ணாடிய உருக்கி ஊத்தி விக்கறான் பாருங்க, அதைத்தான் தொடக்கூடாது. லேப் சர்டிபிகேட் இல்லாம வாங்காதீங்க. ரொம்பக் கருநீலமும் வேண்டாம், பொழுது சாஞ்சா கரித்துண்டாட்டத் தெரியும்.”

பராமரிப்பிலும் அவர் கறார். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, குழந்தைகள் பல் துலக்கும் மெத்தென்ற பிரஷ். இதற்கு மேல் எதுவும் ஆகாது. நீலத்தையும் வைரத்தையும் ஒரே டப்பியில் போட்டு வைத்திருந்த தன் மனைவியின் அக்காவை, வைரம் அதைக் கீறிவிடும் என்று பந்தியில் வைத்துக் கண்டித்தார். அந்த அம்மாள் இன்னும் அவரோடு பேசுவதில்லை.

இத்தனை தெரிந்தவரின் பத்து விரல்களும் மொட்டை. அதற்கு ஒரு கதை உண்டு. அந்தக் கதையைப் பொறாமை என்ற சொல் இல்லாமல் என்னால் சொல்ல முடியாது.

நீலம் சனீஸ்வரனின் கல். ஒத்துக்கொண்டால் தூக்கிவிடும், ஒத்துக்கொள்ளாவிட்டால் கவிழ்த்துவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. அதனால் யாரும் நேராக மோதிரத்தில் பதித்துவிடுவதில்லை. நீலத் துணியில் கல்லை முடிந்து, மூன்று இரவு தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்க வேண்டும். கெட்ட கனவு வந்தால் வியாபாரி மறுபேச்சில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்வார். காதர்பேட்டையில் கல் வியாபாரம் செய்யும் ராஜா முகமதுவிடமிருந்து வேல்குமார் ஒரு கல்லை அப்படித்தான் வாங்கி வந்தார். வாசல் வெயிலில் அதைச் சாய்த்து எனக்குக் காட்டினார். உள்ளே பட்டு இழை போல மெல்லிய மினுக்கம் ஓடியது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பிறகு நான் பார்க்கவில்லை.

அது ஷிப்மென்ட் வாரம். ஒரு பக்கம் சாயப் பட்டறையிலிருந்து துணி வரவில்லை, மறு பக்கம் கப்பல் தேதி நெருங்கிவிட்டது. மூன்றாம் நாள் கனவில், ஏற்றுமதிக்கு அடுக்கிய வெள்ளைப் பனியன்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாகிக்கொண்டே போயினவாம். விடிந்ததும் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மொட்டைக் கையோடு வந்து ஷட்டரைத் திறந்தார்.

அவர் திருப்பிய அதே கல்லை அடுத்த மாதம் அவருடைய தங்கை சண்முகப்பிரியாவின் கணவர் நித்தீஷ் வாங்கிக்கொண்டு போனார். நித்தீஷுக்கு அப்போது கையில் ஒரு ஆர்டர்கூட இல்லை. கவலைப்படுவதற்கு எதுவும் இல்லாத மனுஷன் மூன்று இரவும் நன்றாகத் தூங்கினார். கனவே வரவில்லை. கல்லை மோதிரத்தில் பதித்து நடுவிரலில் போட்டார். அந்த வருஷமே பெரிய ஆர்டர் வந்தது. பிறகு அவிநாசிபாளையத்தில் சொந்தக் கட்டடம், சொந்த நிட்டிங் மெஷின்கள், கார்.

“ஷிப்மென்ட் வாரத்துல வாங்கிட்டுப் போனீங்களே” என்று ராஜா முகமது ஒருமுறை என் முன்னாலேயே சிரித்தார். “அந்த வாரம் கூழாங்கல்லைத் தலைக்கு வெச்சுப் படுத்தாலும் கெட்ட கனவுதானுங்களே வரும்?”

வேல்குமார் சிரிக்கவில்லை. “அது என்ர கல்லுங்க” என்றார்.

பொறாமை எல்லோருக்கும் உண்டு. எதிர் வரிசை லேபிள்காரன் புது மெஷின் இறக்கிய அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் வேல்குமாருடையது அடுப்பு அணையாத வயிற்றெரிச்சல். நித்தீஷ் வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தால், படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி மோதிரத்துக்குப் போவார். கோயிலில் எடுத்த படமானாலும் சாமியைப் பார்ப்பதில்லை. “அழுக்கேறிக் கெடக்குதுங்க. கழுவறதே இல்ல. பிளீச்சிங் பவுடர்லயும் அதே கையத்தான் உடறாரு” என்று பல்லைக் கடிப்பார். கல்லைப் பற்றி அவர் கற்றது எல்லாமே அதைத் திருப்பிக் கொடுத்த பிறகு கற்றதுதான்.

போன மாசி மாதம் நித்தீஷின் பெண் குழந்தைக்கு அலகுமலை அடிவாரத்து மண்டபத்தில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அதனால் வேல்குமார் போகாமல் இருக்க வழியில்லை. சீர்த்தட்டுகளை ஏற்ற என் வேனைக் கேட்டார்; நானும் போனேன். மணையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டபோது அவர் உண்மையிலேயே நெகிழ்ந்துதான் இருந்தார். “மாமன் மடியில இருக்கறப்ப என்ன பயம் சாமி” என்று கொஞ்சினார்.

தட்டான் ஊசியை எடுத்ததும் குழந்தை உதறியது. நித்தீஷ் குனிந்து அதன் தலையை இரண்டு கையாலும் பிடித்தார். மோதிரம் வேல்குமாரின் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில். குழந்தைக்குத் தாய்மாமன் போர்த்திவிட்ட பட்டுத் துண்டிலிருந்து ஒரு இழை அதில் மாட்டி இழுத்துக்கொண்டு நின்றது. கல்லைப் பிடித்திருக்கும் கம்பி தேய்ந்து மேலே தூக்கிவிட்டது என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டாம். வேல்குமார் அதைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

ஊசி இறங்கியது. குழந்தை வீறிட்டது. நித்தீஷ் கையை வெடுக்கென்று எடுத்தார். இழையோடு கம்பி நெளிந்து, கல் கழன்று, வேல்குமாரின் வேட்டி மடிப்பில் விழுந்தது. எல்லோரும் குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் பார்த்துவிட்டேன். வேல்குமாரின் வலது கை மெதுவாக மடிப்புக்குள் போய் மூடிக்கொண்டு வந்தது. யாருக்குச் சேர வேண்டும் என்று நீலம் தானே முடிவு செய்யும், ஆளைத் தேடிக்கொண்டு வரும் என்று நம்புகிறவர் அவர். தேடிக்கொண்டு மடிக்கே வந்துவிட்டது.

சண்முகப்பிரியாதான் முதலில் கவனித்தாள். “ஏனுங்க, மோதரத்துல கல்லக் காணமே!”

ஜமுக்காளத்தை உதறினார்கள். தட்டுகளை நகர்த்தினார்கள். சமையல்காரர் வரைக்கும் தேட வந்துவிட்டார். வேல்குமார் மட்டும் எழுந்திருக்கவில்லை. இடது கையால் குழந்தையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். வலது முஷ்டி தொடையோடு ஒட்டிக்கிடந்தது. அதைப் பார்த்தும் நான் பேசாமல்தான் இருந்தேன். பக்கத்துக் கடைக்காரனை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

“போனாப் போகுது உடு பிரியா” என்றார் நித்தீஷ். காலிக் குழியோடு இருந்த மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “பாய்கிட்டச் சொன்னா இன்னொண்ணு எடுத்து வெச்சிருப்பாரு. மொதல்ல பந்தியப் போடுங்க. வந்தவங்க பசியோட நிக்கறாங்க.”

“இன்னொண்ணா?”

வேல்குமாரின் குரலில் மண்டபமே திரும்பியது. அழுதுகொண்டிருந்த குழந்தைகூட நிறுத்திவிட்டு மாமனை அண்ணாந்து பார்த்தது.

“இன்னொண்ணுன்னு எப்படீங்க மாப்ள வாய் வருது? வெயில்ல சாச்சா உள்ள பட்டு ஓடுமே, ஒரு நாளாச்சும் சாச்சுப் பாத்திருக்கறீங்களா? காலையில ஒரு நீலம், சாயங்காலம் ஒரு நீலம் காட்டுமுங்க அது. உங்களுக்குத் தெரியுமா? கம்பி தேஞ்சு கெடக்குது, அதையாவது பாத்தீங்களா? இன்னொண்ணாம்!”

“மச்சான், உங்களுக்கு எதுக்குங்க இத்தன கோவம்?” என்று நித்தீஷ் விழித்தார்.

“என்ர மடியிலதான் உழுந்துச்சு” என்று வேல்குமார் முஷ்டியை நீட்டினார். “இந்தாங்க, புடிங்க.”

நித்தீஷ் உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றார். முஷ்டி திறக்கவில்லை. “குடுங்ணா” என்றாள் தங்கை. வேல்குமார் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்து மடியிலிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். சும்மா கிடந்த இடது கையைக் கொண்டுவந்து, அவர் தன் வலது கை விரல்களைச் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்.