தங்கை போட்ட குழாய், நான் மூடிய தரை

என் தங்கை ஜெயித்ததை வரிசையாகச் சொல்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், பிளம்பர் எழுத்துத் தேர்வில் மூன்றாம் தடவையில் தேறினாள். அவளையே பார்த்து "பிளம்பர் எங்கம்மா?" என்று கேட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவர்களின் வாயை அடைத்தாள். பதினோரு வருடம் அவள் போட்ட குழாய்க்கெல்லாம், அவளை வேலைக்கு வைத்திருந்த மேஸ்திரிதான் கையெழுத்துப் போட்டார். கடைசியில் அவரே, "நீயே லைசென்ஸ் வாங்கிக்கோ, எனக்குக் கை வலிக்குது" என்றார்.

லைசென்ஸுக்கு ஒரு படி பாக்கி. ஒரு வீட்டு வேலையைத் தனியாகச் செய்து, நகராட்சி ஆய்வாளரிடம் காட்டித் தேற வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தன் வீட்டுச் சாமான் அறையைக் குளியலறையாக மாற்றக் கூப்பிட்டார். குழாய் அவள், டைல்ஸ் நான்.

விதிப்புத்தகத்தை அவள் மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொரு விதிக்கும், மீறினால் வீட்டில் என்ன நாறும் என்று யோசித்துப் படித்தாள். கழிவுக் குழாய் மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரிய வேண்டும். "குறைஞ்சா எல்லாம் தேங்கி நிக்கும்ணா. ரொம்பக் கூடினா தண்ணி மட்டும் ஓடிப்போயிடும், அழுக்கு உட்கார்ந்துக்கும்" என்பாள். எனக்கு அவ்வளவு விளக்கமாகச் சொல்லியிருந்தும், நான் ஒரு காரியம் செய்தேன்.

வியாழன் காலை ஆய்வாளர் வருவதாக இருந்தது. புதன் மதியம் அவள் கடைக்குப் போனதும், குழாய்மேல் மணல் நிரப்பித் தரை முழுக்க டைல்ஸ் ஒட்டிவிட்டேன். பெரிய மனிதர் வரும்போது தரை குண்டும் குழியுமாகவா இருப்பது? மூலைகளைக்கூட ஈரத்துணியால் துடைத்தேன்.

மறுநாள் காலை அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னண்ணா இது?"

"தரை. எப்படி இருக்கு?"

"அவர் பார்க்க வர்றதே அடியில இருக்கிறதைத்தான். மூடுறதுக்கு முன்னாடி காட்டணும்னு விதி."

தபால்காரர் சமாதானம் செய்ய வந்தார். "வேலை நல்லாத்தானே இருக்கு, மேலாகப் பார்த்தா தெரியாதா?"

"ஒட்டின கவருக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றாள் தங்கை.

பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட்டாள்: "காட்டுறதுக்கு முன்னாடி மூடிட்டோம் சார். தப்பு எங்களோடது. எந்த இணைப்பைப் பார்க்கணும்னு சொல்லுங்க, திறக்கிறோம்."

பையிலிருந்து நோட்டை எடுத்தாள். ஒவ்வொரு இணைப்பும் எந்தச் சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று பென்சிலில் வரைந்து வைத்திருந்தாள். அவர் வரைபடத்தில் நான்கு இடங்களைத் தொட்டார். அவள் அளவு சொன்னாள், நான் என் டைல்ஸை நானே பெயர்த்து மணலை அள்ளினேன். நான்கு குழியிலும் இணைப்பு சொன்ன இடத்தில் இருந்தது. அவர் ரசமட்டத்தை வைத்துச் சரிவைப் பார்த்தார்.

"சரிவு சரி. தண்ணி நிரப்பும்மா."

குழாயின் கீழ்வாயை அடைத்து, மேல்வாய்வரை தண்ணீர் ஊற்றினாள். பதினைந்து நிமிடம் குறையாமல் நிற்க வேண்டும். நான் அந்த நீர்மட்டத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இணைப்புகளின் அடியில் அவள் கை வைத்துப் பார்த்தாள், காய்ந்த மணல்தான் ஒட்டியது. நேரம் முடிந்தபோதும் தண்ணீர் விளிம்போடு நின்றது.

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். "இவரு யாரு?"

"எங்கண்ணன் சார். சுத்தம் அதிகம்."

அவர் சிரித்துக்கொண்டே படிவத்தை நீட்டினார். "வேலைக்குப் பொறுப்பானவர்" என்று அச்சடித்த கோட்டின்மேல், ஈரக்கையைத் துடைத்துவிட்டு அவள் முதன்முதலாகத் தன் பெயரில் கையெழுத்துப் போட்டாள். தேதி, 2019 மார்ச் 14.