ஓட விடாத டீச்சர்

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘நிறுத்து டீச்சர்’. ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தார். திரையில் வீடியோ ஆரம்பித்துப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது, சட்டென்று நிறுத்திவிட்டு, “அடுத்து என்ன ஆகும்? பார்க்கிறதுக்கு முன்னாடி எழுதுங்க” என்பார். எழுதிய பிறகுதான் மிச்சம். சில நாள் மிச்சத்தை மறந்தே போவார். யார் எழுதியது சரி என்று பிள்ளைகள் போடும் சண்டை அதைவிடச் சுவையாக இருக்கும்.

ஆசிரியர் வேலைக்கு அவர் வந்தது முப்பத்துநாலு வயதில். அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கும் வேலை. மறுமுனையில் இருப்பவர் உண்மையில் கேட்கிறாரா, சும்மா ‘உம்’ கொட்டுகிறாரா என்பது அவருக்கு மூச்சிலேயே தெரிந்துவிடும்.

பள்ளிக்குப் புதுச் செயலி வந்தபோதுதான் வம்பும் வந்தது. பாட வீடியோ முழுதாக ஓடினால் ஆசிரியர் பெயருக்கு நேரே பச்சைக் கோடு, ஓடாவிட்டால் சிவப்பு. அந்தப் பட்டியல் தலைமையாசிரியர் அறையில் தொங்கியது. சிவப்பாக இருந்தது இவர் ஒருவர்தான்.

“ஓட விட்டுட்டு நீங்க பாட்டுக்கு நோட்டு திருத்துங்களேன் டீச்சர். யார் கேக்கப் போறா?” என்றார் தலைமையாசிரியர். கெட்ட மனிதர் இல்லை, மேலிடத்துக்குப் பயந்தவர்.

“வீடியோ ஓடும் சார். பிள்ளைங்க உட்கார்ந்த இடத்துலயே இருப்பாங்க.”

“உங்களுக்கு டெக்னாலஜியே ஆகலைன்னு நிர்வாகத்துல பேசிக்கிறாங்க.”

“போன வாரம் புரொஜெக்டர் கேபிள் புடுங்கிக்கிட்டப்ப ஸ்டூல் மேல ஏறி மாட்டினது யாரு சார்?”

இரண்டாம் பருவத்தில் பள்ளிக் கூரை விரிசல் விட்டது. ஆறு வாரம் பூட்டு. காலை பத்து மணிக்குச் செயலியில் நேரலை வகுப்பு, கேமரா போட்டே ஆக வேண்டும் என்று உத்தரவு. முதல் நாள் முப்பத்தெட்டுப் பேரில் பதினோரு பேர் வந்தார்கள். அதிலும் நாலு பேர் முகத்துக்குப் பதில் மின்விசிறியைக் காட்டினார்கள்.

மறுநாள் டீச்சர் நேரலைக்கே போகவில்லை. வீடு வீடாகப் போன் போட்டு ஒரே கேள்வி கேட்டார்: “போன் எத்தனை மணிக்கு வீட்டுல இருக்கும்?” அப்பாவோடு வேலைக்குப் போகும் போன், அக்காவின் படிப்புக்கு மாட்டிக்கொண்ட போன், பேச மட்டுமே உதவும் பட்டன் போன் என்று எல்லாம் தெரிந்தது. ஐந்தைந்து பேராகப் பிரித்து, பன்னிரண்டு நிமிடக் குரல் அழைப்பு. வாசலில் குச்சி நட்டு, கால் மணிக்கொரு தரம் நிழலை அளக்கச் சொன்னார்.

பேருந்து ஓட்டுநரான அவர் கணவர், “நான் ஒரு ட்ரிப் அடிச்சுட்டு வர்றதுக்குள்ள நீ ஊரையே கூப்பிட்டு முடிச்சிடுவ போல” என்றார்.

மறுநாள் அழைப்பில் பிள்ளைகள் மோதிக்கொண்டார்கள். “நிழல் பன்னெண்டு மணிக்குத்தான் குட்டை!”

“பொய்! பன்னெண்டே காலுக்கு. நான் ரெண்டு தடவ அளந்தேன்!”

“நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு மறுபடி அளங்க” என்றார் டீச்சர்.

சண்டை நன்றாக முற்றிய பிறகுதான் நிழலைப் பற்றிய நாற்பது விநாடி வீடியோ ஒன்றை அனுப்பினார். பட்டன் போன்காரர்களுக்குப் பக்கத்து வீட்டுக் கூட்டாளிகள் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

பள்ளி திறந்ததும் மெமோ வந்தது. செயலிக் கணக்குப்படி அவர் எடுத்த வகுப்பு ஒன்றே ஒன்று. நிர்வாகத்திலிருந்து வந்தவர் மன்னிப்புக் கடிதத்தை அடித்தே கொண்டுவந்திருந்தார்.

“கையெழுத்து போட்டுடுங்க. இதோட முடிஞ்சுது.”

“எதுக்கு மன்னிப்பு?”

“வகுப்பு எடுக்காததுக்கு.”

“ஏழாம் வகுப்புக்கு வாங்க சார். மத்தியானத்துல நிழல் ஏன் குட்டையாகுதுன்னு யாரை வேணா கேளுங்க. சொல்லத் தெரியாத பிள்ளை ஒண்ணு இருந்தா ரெண்டு கையெழுத்தா போடறேன்.”

“அதெல்லாம் வேணாம். எங்களுக்கு டேட்டா போதும்.”

“டேட்டாவா? இந்தாங்க.” பிள்ளைகள் அளந்து எழுதிய முப்பத்தெட்டு நோட்டுகளை மேசையில் வைத்தார். கையெழுத்தில்லாத கடிதத்தை அதன்மேல் வைத்துவிட்டு, மணி அடித்ததால் வகுப்புக்குப் போனார்.

அடுத்த வருடம் ஏழாம் வகுப்பைப் பறித்து, ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். வலித்தது. ஆனால் கடிதத்தில் கையெழுத்து மட்டும் விழவில்லை.

ஒரு நாள் கணக்கு வாத்தியார் இடைவேளையில் தேடி வந்தார். “என் கோடு பச்சைதான் டீச்சர். விடைத்தாளைத் திருத்தினா பக்கமெல்லாம் சிவப்பு மைதான். நீங்க எப்படி எடுக்கிறீங்கன்னு கொஞ்சம் பார்க்கலாமா?”

“மூணாவது பீரியட் வாங்க. மெமோ வந்தா எங்கிட்ட சொல்லுங்க, பதில் எழுதத் தெரியும்.”

மூன்றாவது பீரியடுக்குக் கணக்கு வாத்தியார் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.